பதினொரு மணிக்குச் சொல்வதாக இருந்தேன்

வண்டியைக் கொடுத்தபோது டாங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருந்தது. அதற்கு நான் தனியாகக் காசு கேட்கவில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், ஐயா. உங்கள் எழுத்தர் இரண்டே விரலால் தட்டச்சு செய்கிறார். பரவாயில்லை, எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. மின்விசிறி ஓடுகிறது, நாற்காலி ஆடவில்லை. என் அலுவலகத்தில் இந்த இரண்டும் ஒரே அறையில் கிடைக்க எனக்குப் பதினொரு வருடம் ஆயிற்று.

நான் வாகன விபத்து மனுக்களைப் பார்க்கிறவன். காப்பீட்டு நிறுவனத்தில் இருபத்திரண்டு வருடமாக அதே மேசை. நஷ்டஈடு கேட்டு வருகிற மனுவில் பொய் எந்த வரியில் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவது என் வேலை. "நாய் குறுக்கே வந்தது" என்று எழுதாத ஓட்டுநர் கிடையாது. இத்தனை வருடத்தில் என் மேசைக்கு வந்த நாய்கள் எல்லாம் நிஜமாக இருந்திருந்தால் இந்த ஊரில் மனிதன் கால் வைக்க இடம் இருந்திருக்காது. இப்படி ஒரு வேலையில் இருந்தவனுக்கு மனிதர்கள் மேல் மரியாதை மிச்சம் இருக்கும் என்று நீங்கள் எதிர்பார்க்கக் கூடாது.

ஆனால் பொய் சொல்கிறவனைக்கூட நான் மன்னிப்பேன். அவன் கொஞ்சமாவது மூளையைச் செலவழிக்கிறான். ஏமாறுகிறவனைத்தான் என்னால் பொறுக்க முடியாது. அப்படி ஒருவன் என் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். என் மனைவியின் தம்பி.

மூன்று வருடத்துக்கு முன்பு மைத்துனன் தன் காரை விற்றான். வாங்க வந்தவன் மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தான். வீட்டு சோபாவில் உட்கார்ந்து இரண்டு டீ குடித்தான். பேச்சோடு பேச்சாகப் போனை எடுத்து நாலு தட்டுத் தட்டி, பணம் அனுப்பப்பட்டது என்று பச்சை எழுத்தில் வந்த திரையைக் காட்டினான். அடுத்த நிமிடம் வங்கி அனுப்பியது போலவே ஒரு குறுஞ்செய்தி மைத்துனன் போனில் வந்து விழுந்தது. அனுப்பியது தெருமுனையில் நின்றுகொண்டிருந்த அவன் கூட்டாளி. மைத்துனன் தன் கணக்கைத் திறந்து பார்த்திருந்தால் அரை நிமிட வேலை. பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று கேட்டேன்.

"எப்படி மாமா? அந்த மனுஷன் எதிர்லயே உக்காந்திருக்கார். பார்த்தா சந்தேகப்படற மாதிரி இருக்காதா?" என்றான்.

மரியாதைக்காக ஒரு காரையே தாரை வார்த்தவன் அவன் ஒருவனாகத்தான் இருப்பான் என்று நினைத்தேன். இல்லை, எக்கச்சக்கமாக இருக்கிறார்கள். உங்கள் அலமாரியில் இருக்கும் கோப்புகளைப் பார்த்தாலே தெரிகிறது. போதாக்குறைக்கு, "சர்வர் மெதுவா இருக்கும் மாமா, நடுவுல சனி ஞாயிறு வேற" என்று மூன்று நாள் காத்திருந்து, அதன் பிறகுதான் உங்களிடம் புகார் கொடுக்க வந்தான். அதற்குள் அந்த வண்டிக்கு வேறு நிறம் அடித்திருப்பார்கள்.

அதிலிருந்து குடும்பம் கூடுகிற இடத்தில் எல்லாம் நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். "என்ன மாப்ள, சர்வர் சரியாயிடுச்சா?" அவ்வளவுதான், சாப்பாட்டு மேசையே குலுங்கும். அவன் மனைவிகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். ஒரு தடவை மட்டும் அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான்.

"நீங்களும் ஒரு நாள் உங்க வண்டிய விப்பீங்கல்ல மாமா? அன்னைக்குப் பாக்கலாம்."

அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

என் வண்டிக்கு ஒன்பது வயது. வெள்ளை. புதிதாக ஒன்றுக்குப் பணம் கட்டிவிட்டதால் இதை விற்பதாக விளம்பரம் கொடுத்தேன். வந்த அழைப்புகளைக் கேட்டிருந்தால் நீங்களும் ரசித்திருப்பீர்கள். ஒருவன் விலையைவிட அதிகமாகவே அனுப்பிவிடுகிறேன், மிச்சத்தை வண்டி ஏற்ற வரும் லாரிக்காரனிடம் கொடுத்துவிடுங்கள் என்றான். அவன் அனுப்பியதாகச் சொல்வது பிறகு காணாமல் போகும். நான் கொடுத்த மிச்சம் மட்டும் நிஜமாகப் போயிருக்கும். இன்னொருத்தி போனுக்கு வரும் எண்ணைச் சொன்னால் பணத்தை உள்ளே தள்ளிவிடுவேன் என்றாள். பணம் உள்ளே வருவதற்கு எண் எதற்கு என்று கேட்டேன். வைத்துவிட்டாள். பாவம், அன்றைக்கு அவளுக்கு வியாபாரம் டல்.

கடைசியில் வந்தவர் ரொட்டிக்காரர்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்புறத் தெருவில் பேக்கரி வைத்திருந்தார். முழங்கைவரை பழைய சூட்டுத் தழும்புகள், புருவத்தில் மாவு. மனைவியோடு வந்தார். கையில் ஒரு பெரிய அலுமினியத் தட்டு. வண்டியின் எஞ்சினைத் திறந்து பார்ப்பார் என்று நினைத்தேன். பின்பக்கத்தைத் திறந்து தட்டை உள்ளே விட்டுப் பார்த்தார். அது பொருந்தியதும் முகம் மலர்ந்துவிட்டது.

"ஆறு தட்டு போகும் போலருக்கே! இதுவரைக்கும் ஸ்கூட்டர்ல ரெண்டு ரெண்டா கட்டிக்கிட்டுப் போறேன் சார். ஆஸ்பத்திரி கேன்டீனுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பன் எல்லாம் ஆறிப்போயிடுது. திட்டறாங்க."

"தட்டு போகுதுன்னு பாத்தாச்சு. வண்டி போகுதான்னு பாக்க வேணாமா?" என்றாள் மனைவி. இருவரில் கொஞ்சம் விவரம் தெரிந்தவள் அவள்தான். "ஒரு மெக்கானிக்கக் கூட்டிட்டு வந்திருக்கலாம்."

"சும்மா இரு. சார் ஆக்சிடென்ட் கேஸ் பாக்கற ஆபீஸ்ல இருக்கார். வண்டியப் பத்தி அவருக்குத் தெரியாததையா உன் மெக்கானிக் சொல்லப் போறான்?"

என் மேல் வைக்கிற நம்பிக்கையைத் தடுப்பது என் வேலை இல்லை. வண்டியை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் வழி சொன்னேன். நல்ல சமமான தெருக்கள், அகலமானவை. அவர் எதிரே வந்த எல்லாருக்கும் கையை ஆட்டிக்கொண்டே ஓட்டினார். அன்று காலை வண்டியைக் கழுவி, இருக்கைகளைத் துடைத்து, எண்ணெய் தண்ணீர் எது குறைந்திருந்ததோ அதையெல்லாம் நிரப்பி வைத்திருந்தேன். விற்கிற பொருளுக்கு அந்த அளவு மரியாதை செய்ய வேண்டும்.

பேரம் பேசத் தெரியாத மனிதர். நான் சொன்ன விலையைக் கேட்டு மனைவியைப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்தாள். "சரிங்க சார்" என்றார்.

பணம் வாங்குவதில் என் விதிகளைச் சொன்னேன். ரொக்கம் வேண்டாம், காசோலை வேண்டாம். வங்கி வேலை நாளில், என் கிளைக்குள்ளே, இரண்டு பேரும் நின்று செய்ய வேண்டும். அவர் பெயரில் உள்ள கணக்கிலிருந்து மட்டும் வர வேண்டும். அந்தப் பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். முதலில் நூறு மட்டும் அனுப்ப வேண்டும். அது என் கணக்கில் ஏறியதை நான் என் கண்ணால் பார்த்த பிறகுதான் மீதி. அவர் போனில் பச்சை தெரிந்தாலும் சிவப்பு தெரிந்தாலும் எனக்கு ஒன்றுதான். முழுத் தொகையும் ஏறும்வரை சாவி என் சட்டைப்பையில் இருக்கும், பதிவுப் புத்தகம் என் கைப்பையில் இருக்கும். விற்பனைக் கடிதத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி.

அவர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். "சார், இதெல்லாம் நீங்க கிளாஸே எடுக்கலாம் சார். நாங்க மாவ மட்டும்தான் நம்பக் கூடாதுன்னு தெரிஞ்சு வச்சிருக்கோம்" என்றார். அதைத் தானே ரசித்துச் சிரித்தார்.

மறுநாள் வங்கியில் அப்படியே நடந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஓர் இளம் பெண் அதிகாரி. ரொட்டிக்காரர் நூறு அனுப்பினார். என் போனில் என் கணக்கைத் திறந்து பார்த்தேன், ஏறியிருந்தது. அது போதாது என்று அந்தப் பெண்ணிடமும் காட்டி உறுதி செய்துகொண்டேன். பிறகு மீதி. ரொட்டிக்காரரின் கட்டைவிரல் கடைசிப் பொத்தான் மேல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. ஒன்பது வருட சேமிப்பு என்று முன்பே சொல்லியிருந்தார். என் வண்டிக்கும் அவர் சேமிப்புக்கும் ஒரே வயது. அழுத்தினார். சரியாகப் பதினொரு மணிக்குத் தொகை என் கணக்கில் ஏறியது.

நான் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "இதை அவர் திருப்பி எடுக்க முடியுமா?"

"வந்துடுச்சுன்னா வந்துடுச்சு சார். இனிமே அது உங்க பணம்."

"தப்பா அனுப்பிட்டேன்னு புகார் கொடுத்தா?"

"கொடுக்கலாம். ஆனா உங்க சம்மதம் இல்லாம நாங்க தொட மாட்டோம்." பிறகு ரொட்டிக்காரரைப் பார்த்துச் சிரித்தாள். "சார் ரொம்ப உஷார் பேர்வழி போல."

"அதனாலதாங்க நம்பி வாங்கறோம்" என்றார் அவர்.

அவள் சொன்னதை நான் நம்பவில்லை. சிரித்துக்கொண்டே சொல்கிற எதையும் நம்பாதவன் நான். எதற்கும் ஒரு நாள் போகட்டும் என்று மனதுக்குள் முடிவு செய்தேன். இன்று பதினொன்றிலிருந்து நாளை பதினொன்று. பணம் ஒரு முழு நாள் என் கணக்கில் அசையாமல் உட்காரட்டும். பேச வேண்டியதை எல்லாம் அதன் பிறகு பேசிக்கொள்ளலாம். பிறகு சாவியைக் கொடுத்தேன், புத்தகத்தைக் கொடுத்தேன், கைகுலுக்கினேன். அவர் கை சூடாகவும் சொரசொரப்பாகவும் இருந்தது. வீட்டுக்கு வந்து கழுவிக்கொண்டேன்.

என்ன பேச வேண்டியிருந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள்.

"அந்த பிரேக் விஷயத்த அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

"நாளைக்குச் சொல்றேன்."

"ஏன் நாளைக்கு?"

"பணம் நிக்கட்டும்."

அவள் கையில் இருந்த துணியை மடிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "பணம் வந்துடுச்சுன்னீங்களே?"

"வந்துடுச்சு. நிக்கணும்ல?"

மெக்கானிக் சொன்னபோது அவளும் பக்கத்தில் இருந்தாள், அதனால்தான் அவளுக்குத் தெரியும். விற்பதற்கு மூன்று வாரம் முன்பு வண்டியைக் காட்டியிருந்தேன். மெக்கானிக் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து கையைத் துடைத்தார்.

"சார், மாஸ்டர் சிலிண்டர் போயிடுச்சு. பிரேக் ஆயில் உள்ளுக்குள்ளயே கசியுது. ஆயில் ஊத்தினா ரெண்டு நாளைக்கு நல்லா பிடிக்கும். அப்புறம் ஒரு நாள் பெடல் தரைக்குப் போயிடும். இறக்கத்துல கிறக்கத்துல ஓட்டிடாதீங்க. பார்ட் வர நாலு நாள் ஆகும், மாத்திடலாம்."

மாற்றவில்லை. விற்கப் போகிற வண்டிக்கு யாராவது சிலிண்டர் மாற்றுவார்களா? நான் அந்த வண்டியை ஓட்டுவதை நிறுத்தினேன். பேருந்தில் அலுவலகம் போனேன். அவர்கள் வண்டி பார்க்க வந்த அன்று காலையில் பிரேக் ஆயில் ஊற்றினேன். குறைந்திருந்ததை நிரப்பினேன் என்று சற்று முன்பு சொன்னேனே, அதில் இதுவும் உண்டு. நான் எதையும் மறைக்கவில்லை.

மறைக்கவில்லை என்பதற்கு ஆதாரமும் இருக்கிறது. அன்று மாலை மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடமாடியதால், அவள் கண் முன்னாலேயே போனில் ஒரு செய்தி எழுதினேன். நீங்கள் பார்த்திருப்பீர்கள். "ஐயா, வண்டியின் பிரேக்கை ஒருமுறை நல்ல மெக்கானிக்கிடம் காட்டிக்கொள்வது நல்லது. நன்றி." அந்தச் செய்தியின் அழகைக் கவனியுங்கள். பிரேக்கில் கோளாறு என்று அதில் இல்லை. எனக்குத் தெரியும் என்றும் இல்லை. அதே சமயம் எச்சரிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இருபத்திரண்டு வருட அனுபவம் இருந்தால்தான் இப்படி ஒரு வாக்கியம் வரும்.

மனைவி படித்தாள். "இப்பவே அனுப்பிடுங்களேன்" என்றாள்.

"நாளைக்குப் பதினொரு மணிக்கு அனுப்பறேன். மறக்க மாட்டேன், அலாரம் வச்சிருக்கேன்."

"அதுக்குள்ள அவர் எங்கயாவது எடுத்துட்டுப் போனா?"

"பன் விக்கப் போவார். ரேஸுக்கா போகப் போறார்?"

அவள் துணி மடிக்கப் போய்விட்டாள். இப்போது அவள் தம்பி வீட்டில் இருக்கிறாள். உங்களுக்கு வாக்குமூலமும் கொடுத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். கொடுக்கட்டும். அந்தப் போனை எடுத்து ஒரு பொத்தானை அழுத்த அவளுக்கும் விரல் இருந்தது. அதை உங்கள் எழுத்தர் குறித்துக்கொண்டால் நன்றாக இருக்கும்.

மறுநாள் காலை ஒன்பது இருபதுக்கு ரொட்டிக்காரர் என்னை அழைத்தார். நான் அலுவலகத்தில் இருந்தேன். எதிரே ஒரு லாரி ஓட்டுநரின் மனு, அதிலும் ஒரு நாய்.

"சார், தொந்தரவு பண்றேன், மன்னிச்சுக்கோங்க" என்றார். பின்னால் வண்டிகள் போகிற சத்தம் கேட்டது. "ஆஸ்பத்திரிக்குப் பன் எடுத்துட்டுக் கிளம்பினேன். தண்ணித்தொட்டி மேட்டுல நிக்கறேன் சார். பெடல் மிதிச்சா கொஞ்சம் உள்ள போற மாதிரி இருக்கு. காலையில வீட்டுக்கிட்ட நல்லாத்தான் இருந்துச்சு. அதான் ஓரமா நிறுத்திட்டேன். இந்த வண்டிக்கு இப்பிடித்தானா சார், இல்ல நான் மிதிக்கறது சரியில்லையா?"

தண்ணீர்த்தொட்டி மேடு உங்களுக்குத் தெரியும். அங்கிருந்து ஆஸ்பத்திரி வாசல்வரை ஒரே இறக்கம். அந்த இறக்கத்தில் நடந்த விபத்துகள் மட்டும் என் அலமாரியில் ஒரு தட்டை அடைத்துக்கொண்டிருக்கின்றன. கீழே வளைவில் ஒரு மருந்துக்கடை. அதன் படியை மூன்று தடவை புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். அந்தப் படிக்கு நஷ்டஈடு மறுத்துக் கடிதம் எழுதியவனே நான்தான்.

பின்னால் அவர் மனைவியின் குரல் கேட்டது. "மெக்கானிக்க இங்க வரச் சொல்லலாம்ங்க. பன் ஆறினா ஆறிட்டுப் போகுது."

"இரு, சார்கிட்ட கேட்டுட்டு இருக்கேன்ல."

நான் சுவரில் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்றுக்கு ஒரு மணி நாற்பது நிமிடம் இருந்தது. ஐயா, அந்த நேரத்தில் நான் எதையும் யோசிக்காமல் பேசிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்கிறவர்களை எனக்குத் தெரியும், அவர்களின் மனுக்களை எல்லாம் படித்திருக்கிறேன். நான் யோசித்தேன். மெக்கானிக் வருவான். குனிந்து பார்த்த உடனே, இது நேற்று இன்று வந்த கசிவு இல்லை என்பான். ரொட்டிக்காரர் அப்படியே வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு என் வாசலில் வந்து நிற்பார். பணத்தைக் கேட்பார். அன்று அரை நாள்தான் அலுவலகம், மதியம் மைத்துனனைக் குடும்பத்தோடு வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருந்தேன். ஒரு வண்டியை எப்படி விற்க வேண்டும் என்று அவனுக்கு விவரமாகச் சொல்வதற்காகத்தான் அந்த அழைப்பு. அவன் வந்து உட்கார்ந்திருக்கும்போது வாசலில் பணத்துக்கு ஆள் நிற்பதை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. கற்பனை செய்ய முடிந்தது என்பதுதான் சரி.

"பழைய வண்டிக்கு அப்படித்தான் இருக்கும்" என்றேன். "ரெண்டு தடவை மிதிங்க, பிடிக்கும்."

அவர் மிதித்துப் பார்த்தார் போலிருக்கிறது. "ஆமா சார், ரெண்டாவது தடவ பிடிக்குது! அப்ப போலாமா சார்?"

"தாராளமா."

"தேங்ஸ் சார். நீங்க இருக்கறதால தைரியம்." மனைவியிடம், "பாத்தியா? இதுக்குப் போய்ப் பயந்த" என்று சொன்னதும் கேட்டது. போனை வைத்துவிட்டார்.

இரண்டு தடவை மிதித்தால் பிடிக்கும் என்று நான் சொன்னது பொய் இல்லை என்பதை நீங்கள் எந்த மெக்கானிக்கிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். பிடிக்கும். அப்படி எத்தனை தடவை பிடிக்கும் என்று அவர் கேட்கவில்லை.

பத்து மணிக்கு எங்கள் விபத்துப் பதிவேட்டில் புதிதாக ஒரு வரி ஏறியது. பக்கத்து மேசைக்காரர் போனில் கேட்டுக்கேட்டு எழுதினார். தண்ணீர்த்தொட்டி இறக்கம், மருந்துக்கடை, வெள்ளைக் கார், தெருவெல்லாம் ரொட்டி. "பன்னுகளப் பொறுக்கறதுக்கே ஒரு கூட்டமாம் சார், என்ன ஜனமோ" என்றார். பிறகு வண்டி எண்ணைச் சொன்னார். ஒன்பது வருடமாக எனக்கு மனப்பாடமான எண். ஓட்டியவர் அங்கேயே முடிந்துவிட்டார், பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு இரண்டு காலும் போய்விட்டது, கடைப் படியில் நின்ற இரண்டு பேரும் செத்துவிட்டார்கள் என்றார். நான் லாரி ஓட்டுநரின் மனுவை எடுத்து, நிராகரிக்கப்பட்டது என்று முத்திரை வைத்தேன். அது எப்படியும் நிராகரிக்க வேண்டிய மனுதான்.

பதினொரு மணிக்கு அலாரம் அடித்தது. செய்தியை அனுப்பினேன்.

அவர் இறந்தது தெரிந்துமா என்று நேற்று நீங்கள் மேசையைத் தட்டிக் கேட்டீர்கள். தெரிந்துதான். பதினொன்றுக்கு அனுப்புகிறேன் என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன், அனுப்பினேன். கோப்பு என்று ஒன்று இருந்தால் அதில் எச்சரிக்கையும் இருக்க வேண்டும். ரொட்டிக்காரரின் போன் அப்போது ஒரு காவலரின் கையில் இருந்தது என்றும், அதில் 'நன்றி' என்று வந்ததைப் படித்துவிட்டு அவர் அதைக் கீழே வைத்துவிட்டார் என்றும் சொன்னீர்கள். இவ்வளவு மெல்லிய மனசுக்காரர்களை எல்லாம் வேலைக்கு எடுத்தால் இலாகா எப்படி நடக்கும் என்று தெரியவில்லை.

மூன்று உயிர் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள். இரண்டு பேர் வண்டியிலேயே இல்லை. மருந்து வாங்கிக்கொண்டு படியில் நின்றவர்கள். அவர்களோடு எனக்கு எந்த வியாபாரமும் கிடையாது. அவர்கள் முகம்கூட எனக்குத் தெரியாது.

இன்று காலை நீங்கள் அந்த வங்கிப் பெண்ணைக் கூட்டி வந்து என் எதிரே உட்கார வைத்தீர்கள். நான் கேட்டதையும் தான் சொன்னதையும் அவள் ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை, அதனால் நம்பினேன். பணம் ஏறிய நொடியிலேயே அது என்னுடையதாகிவிட்டது. யாரும் திருப்பி எடுத்திருக்க முடியாது. ஒரு நாள் கணக்கை உனக்கு யார் சொன்னது என்று கேட்டீர்கள். யாரும் சொல்லவில்லை. நானே வைத்துக்கொண்டது.

அப்படியானால் பணத்துக்காகவும் இல்லை, பிறகு எதற்காக என்றீர்கள். நியாயமான கேள்வி. இவ்வளவு நாளில் நீங்கள் கேட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான். மத்தியானம் முழுவதும் அதை யோசித்தேன்.

பணம் போயிருக்காது. அவர் சண்டையும் போட்டிருக்க மாட்டார், அதற்கு வேண்டிய குரல் அவரிடம் இல்லை. வண்டியை நிறுத்திவிட்டு, கையைப் பிசைந்துகொண்டு, "சார், நீங்களே இப்படிப் பண்ணலாமா?" என்று மட்டும் கேட்டிருப்பார். புருவத்தில் மாவோடு, மரியாதை குறையாமல். பேரம் பேசத் தெரியாத, எஞ்சினைத் திறந்து பார்க்கத் தெரியாத ஓர் ஆள் என்னைப் பார்த்து அப்படிக் கேட்பதை நான் அனுமதித்திருக்க முடியாது. நீங்கள் என் இடத்தில் இருந்தால் அனுமதித்திருக்க மாட்டீர்கள். யாரும் அனுமதிக்க மாட்டார்கள்.

ஆகவே கொலை என்று எழுதாதீர்கள். அவர் சாக வேண்டும் என்று நான் ஒரு நொடிகூட நினைத்ததில்லை. வண்டியைப் பத்திரமாக ஓரம் கட்டிவிட்டு, போகலாமா என்று கேட்டார். கீழே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், பிரேக் இல்லை என்றும் தெரியும், போகச் சொன்னேன். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான், பதினொரு மணிக்குள் அவர் என் வாசலுக்கு வரக் கூடாது.

அவர் வரவில்லை.